புது லைட்டுக்குக் கண் திறப்பு

பையை அந்தப் பெட்டி மேல வெக்காதீங்க டீச்சர். கோவிச்சுக்காதீங்க. கால்மாட்டுல வெச்சுக்குங்க, இல்லைன்னா இப்படிக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன். பெட்டிக்குள்ள இருக்கறது பேட்டரி லைட்டுங்க. டார்ச் லைட்டு. எல்லாம் புதுசு. இன்னும் கண் திறக்கலை. அதுவரைக்கும் பச்சைக் கொழந்தை மாதிரிதான், மேல பாரம் ஏத்தக் கூடாது.

டீச்சர்னு எப்பிடித் தெரியும்னு பாக்கறீங்களா? ஏறும்போதே கண்டக்டர் கிட்ட ஸ்கூல் குவார்ட்டர்ஸுக்கு எங்க எறங்கோணும்னு கேட்டீங்கல்ல. பம்ப் ஹவுஸ் வளைவுல எறங்கோணும். நான் அதுக்கும் மேல, மேல் டிவிஷன், கடைசி ஸ்டாப்பு. ஸ்டோர் சடையப்பன்னு கேட்டா கருங்குன்று எஸ்டேட்ல யாரும் சொல்லுவாங்க. மம்பட்டியில இருந்து மண்ணெண்ணெய் வரைக்கும் என்ற சாவியிலதான் கெடக்குது.

இந்த பஸ்ஸு மட்டும் வால்பாறையில நேரத்துக்கு எடுத்திருந்தா நீங்க வெளிச்சத்துலயே எறங்கியிருக்கலாம். டயரைக் கழட்டறேன் மாட்டறேன்னு பொழுதை ஓட்டிட்டானுங்க. இப்பப் பாருங்க, பனி எறங்கிருச்சு. கண்ணாடியைத் தொடைக்காதீங்க, பிரயோசனமில்லை. வெளியவே அவ்வளவுதான் தெரியும்.

உங்களைக் கூட்டிட்டுப் போக ஆள் வருதுங்களா? பியூன் வர்றேன்னாரா. வருவாரு, வருவாரு. வந்தா நல்லதுதான்.

ஒண்ணு சொல்லறேன், பயந்துக்காதீங்க. பொழுது சாஞ்சா நாங்க இங்க அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம். பெரியவருன்னுதான் சொல்லுவோம். ஆமாங்க, தும்பிக்கை வெச்சிருக்கறவருதான். கூட்டமா வந்தாக்கூடத் தொந்தரவில்லை. குட்டியைக் கூட்டிக்கிட்டு, கெளையை ஒடிச்சுக்கிட்டு வரும், நமக்குக் காது கேட்டுரும். ஒத்தையில ஒருத்தரு திரியறாரு பாருங்க, ஒரு கொம்பு ஒடைஞ்சவரு, அவருதான் ஆபத்து. சத்தமே இருக்காது. அவ்வளவு பெரிய ஒடம்பு நடந்து வந்தா ஒரு இலை அசையற சத்தம்கூட வராதுங்க. பனியில நின்னாருன்னா பாறைன்னு நெனைச்சு நாமளே பக்கத்துல போயிருவோம். வெளிச்சம் அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும், பாறைக்குக் காது ஆடுதுன்னு.

அதனாலதான் சொல்லறேன், இந்த ஊர்ல லைட்டுங்கறது உசுரு மாதிரி. சோறில்லாம ஒரு நாள் இருந்தரலாம், லைட்டில்லாம இருக்க முடியாது. அந்த லைட்டை ஒழுங்கா வெக்கறது என்ற பொறுப்பு.

நீங்க இந்த போனை வாங்கினப்ப மொத தடவை எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டீங்க? நெசமாச் சொல்லுங்க. பாத்தீங்களா? பெட்டியைப் பிரிச்சதும் போட்டோ புடிக்க ஆரம்பிச்சுட்டீங்க. அதான் இப்ப ரெண்டு கோட்டுல நின்னு இழுத்துக்கிட்டு இருக்குது. கோயமுத்தூர்ல இருந்து பாட்டுக் கேட்டுட்டு வந்தீங்களா? அது இல்லீங்க காரணம். ஆரம்பத்துல பண்ண தப்பு. கண் திறக்காமப் பொழங்கிட்டீங்க. இனி அதை ஒண்ணும் பண்ண முடியாது.

சிரிக்காதீங்க. படிச்சவங்க எல்லாம் இதைக் கேட்டதும் சிரிக்கறாங்க. எங்க முனீஸ்வரன் கோயிலுக்குப் புதுச் சிலை லாரியில வந்தப்ப நானும் பின்னாடிதான் நின்னுட்டு வந்தேன். கண்ணைத் துணியில கட்டி, வைக்கோல் மேல படுக்க வெச்சிருந்தாங்க. லோடு ஏத்தற ஆளுங்க அது மேலயே சாஞ்சுக்கிட்டு பீடி குடிச்சானுங்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. ஏன்னா அப்ப அது கல்லு. அப்புறம் சிற்பி வந்து, உளியால தொட்டுக் கண்ணைத் திறந்து, கண்ணாடியைக் காட்டி, பசுவையும் கன்னையும் காட்டினாரு பாருங்க, அதே ஆளுங்க நெடுஞ்சாண்கிடையா விழுந்தானுங்க. அதே கல்லுதானே? ஆனா இப்பக் கண்ணு இருக்குது. பேட்டரியும் அப்படித்தானுங்க. கம்பெனிக்காரன் அனுப்பறது கல்லு. நாமதான் கண் திறக்கோணும்.

எப்படின்னா, மொதல்ல நெறைய ஏத்தோணும். பச்சை லைட்டு வந்துருச்சுன்னு கழட்டிரக் கூடாது, அதுக்கு மேலயும் விடோணும். அப்புறம் சுத்தமா எறக்கோணும். சுத்தமான்னா சுத்தமா, சாகற வரைக்கும். மறுபடி ஏத்தோணும், மறுபடி எறக்கோணும். இப்படி மூணு தடவை. நடுவுல எங்கயாச்சும் தடைப்பட்டுச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். பூஜையில நடுவுல எந்திரிச்சுப் போற மாதிரி ஆயிரும்ல?

இது நானாச் சொல்லறதில்லை. தாமஸ் சார்னு ஒரு இஞ்சினியரு. எஸ்டேட் ஆபீஸுக்கு வயர்லெஸ் செட்டு வந்த காலத்துல எனக்குச் சொல்லிக் குடுத்தவரு. சடையப்பா, புது பேட்டரிக்குத் தன்னோட வயிறு எவ்வளவுன்னே தெரியாது, மூணு தடவை ஏத்தி எறக்கினாத்தான் தெரியும்னாரு. நான் அப்படியே செஞ்சேன். பக்கத்து எஸ்டேட்டு செட்டெல்லாம் மழைக்காலத்துல வாயடைச்சுப் போச்சு. என்ற செட்டு மட்டும் பேசிக்கிட்டே இருந்துச்சு. பெரிய தொரை வந்து என்ற தோளைத் தட்டிட்டுப் போனாரு. அன்னியில இருந்து மேல் டிவிஷன்ல ஒருத்தரு புது வாட்ச் வாங்கினாக்கூட என்ற கிட்டக் காட்டாமக் கட்ட மாட்டாங்க.

இன்னிக்கு இந்தப் பெட்டியை வாங்கின கடையிலயும் இதே பேச்சுத்தான். அண்ணா, இது லித்தியம் பேட்டரி, பழைய மாதிரி இல்லை, பெட்டியைப் பிரிச்சதும் எரிய விடலாம், சும்மா சும்மா சாகற வரைக்கும் எறக்கினீங்கன்னா அதுதான் கெட்டுப் போகும்ங்கறாரு கடைக்காரரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். தம்பி, நீங்க எப்பவாச்சும் எங்க ஊருப் பனியில ஒத்தையா நடந்திருக்கீங்களான்னு. பில்லைப் போட்டுக் கையில குடுத்துட்டாரு. ஏசி ரூம்புல உக்காந்துக்கிட்டு லைட்டைப் பத்திப் பேசறாங்க.

இதெல்லாம் என்னத்துக்குச் சொல்லறேன்னா, என்ற மகனும் இப்ப அவனுக படிக்கற பாட்டைத்தான் படிக்கறான். சிவநேசன்னு பேரு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான். என்ற கூடப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. ஒரே மகன். பேத்தி இருக்குது, இலக்கியான்னு, அதையும் கண்ணுல காட்ட மாட்டேங்கறான். நான் பண்ண குத்தம் என்னன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நாலு பேருக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறவங்க, ஞாயம் தெரியும்.

போன வருஷம் கார்த்திகையில நடந்தது. மழை நின்னு பனி புடிச்ச சமயம். பெரியவரு எங்க டிவிஷன் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தாரு. ரேஷன் கடைக் கதவை ஒடைச்சாச்சு. பாடியில கடைசி வீட்டு சமையக்கட்டை இடிச்சுத் தள்ளியாச்சு. பாடின்னா தெரியுமுங்களா? எஸ்டேட்ல வரிசையா கட்டி விட்டிருக்கற வீடுங்க, அதுல எட்டாவது வீடு எங்களோடது. ஜனங்க பயந்து போயி, பீல்டு ஆபீசரு கிட்டக் கேட்டுக் கேட்டு, அவரும் ஒரு பெட்டி லைட்டு வாங்கி அனுப்பி வெச்சாரு. வீட்டுக்கொண்ணு குடுத்துருங்க சடையப்பன்னாரு.

பெட்டி வந்த அன்னிக்கே சாயந்தரம் ஸ்டோர் வாசல்ல கூட்டம். நான் கதவை மூடிட்டேன். கண் திறக்காமக் குடுத்தா நாளைக்குப் பாதி வழியில அணைஞ்சு போகும், அப்ப யாரைத் திட்டுவீங்கன்னு கேட்டேன். எல்லாரும் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. எங்காளுங்க நல்லவங்க டீச்சர். எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க.

ஆனா இந்தக் கரண்டு இருக்குது பாருங்க. அந்த மாசம் பூராவும் வந்து வந்து போச்சு. ஒரு தடவை ஏத்தி எறக்கி, ரெண்டாவது ஏத்தும்போது படக்குனு போயிரும். போச்சா? மறுபடி மொதல்ல இருந்து. அடுத்த வாரம் ரெண்டு முடிச்சு மூணாவதுக்குப் போடறேன், எங்கயோ மரம் சாஞ்சு கம்பி அறுந்து போச்சு. மறுபடி மொதல்ல இருந்து. வேற ஆளா இருந்தா விட்டிருப்பான். நான் விடலை. பீல்டு ஆபீசரு பைக்கை நிறுத்தி, என்ன சடையப்பன், லைட்டு குடுத்தாச்சான்னாரு. இன்னும் கண் திறக்கலைங்க சார்னேன். சிரிச்சுட்டு, சரி நீ பாத்துக்கன்னு போயிட்டாரு. அவருக்கே நம்பிக்கை.

கண்டக்டரு என்ன சொல்லறாரு? ஓ, எதுத்தாப்புல வந்த ஜீப்புக்காரரு ஏதோ சொல்லிட்டுப் போறாரா. பம்ப் ஹவுஸ் மேட்டுக் காட்டுல சாயந்தரம் ஆரையோ பாத்தாங்களாம். இருக்கும், இருக்கும். மேட்டுல பாத்தா கீழ எறங்கோணும்னு சட்டமா என்ன. நீங்க கையை அப்படி இறுக்கிப் புடிக்காதீங்க, அந்தக் கம்பி ஆடும்.

என்ற மருமக பேரு சந்திரகலா. உங்க வயசுதான் இருக்கும், உங்களை மாதிரியே ஒல்லி, இப்படித்தான் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காரும். கொழுந்து பறிக்கப் போகும். என்ற சம்சாரம் போனதுக்கப்புறம் எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டது அந்தப் புள்ளைதான். மாமா மாமான்னு வாய் ஓயாது. பெத்த பொண்ணு இருந்தாக்கூட அப்படிப் பாத்திருக்காது. அதை நெனைச்சா இப்பவும் சோத்துல கை வெக்க முடியறதில்லைங்க. நான் கல்லு மனசுக்காரன்னு என்ற மகன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். இல்லீங்க. நெசமாலுமே இல்லை.

சனிக்கிழமையானா சிவநேசன் திருப்பூர்ல இருந்து வருவான். இதே பஸ்ஸுதான். கடைசி ஸ்டாப்புல எறங்கி, தேயிலைக் காட்டுக்கு நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை, அது வழியா பாடிக்கு வரோணும். சந்திரகலா எப்பவும் பாதியில போயி நின்னு கூட்டிட்டு வரும். அவங்களுக்குள்ள ஒரு இது. நான் கண்டுக்கறதில்லை.

அந்த சனிக்கிழமை பாருங்க, கரண்டு நல்ல புள்ளையா நாலு நாளாப் போகவே இல்லை. ரெண்டு தடவை முடிஞ்சு, மூணாவது தடவையும் நெறைய ஏத்தியாச்சு. இனி எறக்கறதுதான் பாக்கி. மத்தியானமே எல்லா லைட்டையும் ஸ்டோர்ல வரிசையா வெச்சுப் போட்டு விட்டேன். எல்லாத்தையும் சுவத்தைப் பாக்கத் திருப்பி வெச்சேன். ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு எரிஞ்சா கண்ணு கூசிப் போயிரும், அது என்ற கணக்கு, தாமஸ் சார் சொன்னதில்லை. பொழுது எறங்க எறங்க அந்த வெளிச்சத்தைப் பாக்கோணுமே டீச்சர்! ஓட்டுச் சந்து, கதவுச் சந்து, ஜன்னல் எல்லாம் வழிஞ்சு வெளிய வருது. சுத்தியும் பனி, நடுவுல என்ற ஸ்டோர் மட்டும் தேர் மாதிரி நிக்குது. பாடி ஜனம் பூராவும் வாசல்ல வந்து நின்னு பாத்துச்சு. எனக்குப் பெருமை தாங்கலை.

அப்பத்தான் சந்திரகலா வந்துச்சு. இலக்கியாவைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வந்து நின்னுது. மாமா, பஸ்ஸு வர்ற நேரமாச்சு, பனி கெட்டியா இருக்குது, பொழுதோடயே நாய் வேற ஒரு மாதிரியாக் கொலைக்குது, ஒரு லைட்டு எடுத்துட்டுப் போகட்டுங்களான்னுது. கேட்டுக்கிட்டே ஓரத்துல இருந்த ஒண்ணைக் கையில எடுத்துருச்சு. எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்குது. அதோட மூஞ்சி பூராவும் வெளிச்சம்.

நான் சத்தம் போடலைங்க. என்ற மகன் சொல்லற மாதிரி நான் கையில இருந்து புடுங்கவும் இல்லை. மெதுவாத்தான் சொன்னேன். கண்ணு, இது மூணாவது எறக்கம், இதோட முடிஞ்சுது, இப்பப் போயி நடுவுல எடுத்து ஆட்டுனா இத்தனை நாள் பட்ட பாடு வீணாப் போயிரும், நாளைக்கு உனக்குத்தான் மொத லைட்டுன்னேன். அது ஒரு நிமிஷம் என்னைப் பாத்துச்சு. லைட்டைப் பாத்துச்சு. அப்புறம் சரிங்க மாமான்னு ரெண்டு கையிலயும் புடிச்சு, இருந்த எடத்துலயே, சுவத்தைப் பாக்கத் திருப்பி வெச்சுட்டுப் போச்சு. அவ்வளவு மரியாதை. போனுல சின்ன வெளிச்சம் இருக்குதே, அதைப் போட்டுக்கிட்டுப் பாதையில எறங்குச்சு. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கொஞ்ச தூரம் தெரிஞ்சுது. அப்புறம் பனியில தெரியலை.

சத்தம் ஒண்ணும் கேக்கலைங்க. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. ஒரு சத்தம் கேட்டிருந்தா ஓடியிருப்பேன்.

பஸ்ஸு வந்து நின்ன சத்தம் கேட்டுது. சித்த நேரம் கழிச்சு சிவநேசன் மட்டும் வர்றான், கையில மூட்டையோட. கலா எங்கப்பான்னான். உன்னைக் கூப்பிடத்தான் போச்சுன்னேன். அவன் மூட்டையைக் கீழ போட்டான் பாருங்க, அதுல இருந்த ஆரஞ்சுப் பழம் எல்லாம் வாசல்ல உருண்டுச்சு. பாதையில நான் யாரையும் பாக்கலையேன்னான். ஆம்பளைங்க எல்லாம் தபதபன்னு ஸ்டோருக்கு ஓடியாந்தாங்க, லைட்டுக்கு.

ஒரு லைட்டு எரியலை. அப்பத்தான் ஒண்ணொண்ணா மங்கி, செவந்து, எல்லாம் அணைஞ்சு முடிஞ்சுது. சிவநேசன் ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டறான், அமுக்கறான், கீழ போடறான். எரியாது. எப்படி எரியும்? சுத்தமா எறங்கிருச்சே. கடைசியில பழந்துணியைக் கம்புல சுத்தி மண்ணெண்ணெய் ஊத்திப் பந்தம் கொளுத்திக்கிட்டுப் போனாங்க. மண்ணெண்ணெய் நான்தான் எடுத்துக் குடுத்தேன், அளக்கக்கூட இல்லை. பாதையில இருந்து ரொம்பத் தள்ளியில்லை. தேயிலைச் செடிக்கு நடுவுல. போன் அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சாம்.

நான் போயிப் பாக்கலை. பாக்க முடியலைங்க.

காரியம் முடிஞ்ச அன்னிக்குத்தான் சிவநேசன் என்ற கூடக் கடைசியாப் பேசினான். கத்தலை. எத்தனை லைட்டுப்பா சுவத்தைப் பாத்து எரிஞ்சுட்டு இருந்துச்சுன்னு கேட்டான். நான் இருந்ததைச் சொன்னேன். புள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் இல்லை. நீங்களே சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்க இருக்குது? பனியை நான் எறக்குனேனா? பெரியவரை நான் கூப்பிட்டேனா? அதுவாத்தானே திருப்பி வெச்சுது. நான் கையைப் புடிச்சேனா? அரைகுறையா எறங்கின லைட்டைக் குடுத்து, அது பாதியில அணைஞ்சிருந்தா அப்ப எம்மேலதானே பழி வரும்? பாடியில இருக்கற ஜனம் ஒருத்தரு என்னைக் குத்தம் சொல்லலை. எல்லாம் விதின்னுதான் சொல்லுச்சுங்க. பெத்த மகனுக்கு மட்டும் புரியலை.

இலக்கியாவுக்குச் சின்னதா, ரோஸ் கலர்ல ஒரு லைட்டு வாங்கி, மூணு தடவையும் பாத்துப் பாத்து ஏத்தி எறக்கி, ஆள் மூலமா குடுத்தனுப்பினேன். கட்டுப் பிரிக்காமத் திரும்பி வந்துருச்சு. ஸ்டோர்ல மாட்டி வெச்சிருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் போட்டுப் பாப்பேன். பெரியவளா ஆனா அதுக்காச்சும் தாத்தா செஞ்சது புரியும்.

அந்தப் பெட்டி லைட்டா? அதை ஏன் கேக்கறீங்க. அவ்வளவு முறையா கண் திறந்தும் அடுத்த பனிக்கு நிக்கலை. ஒண்ணொண்ணா மங்கிப் போச்சு. ஏத்துனா ஏற மாட்டேங்குது. எங்க ஜனங்களுக்கு வெச்சுப் பொழங்கத் தெரியலைங்க, கண்ட நேரத்துல ஏத்தறது, கண்ட நேரத்துல எடுக்கறது. அதனாலதான் பீல்டு ஆபீசரு மறுபடி ஒரு பெட்டி வாங்கிட்டு வரச் சொன்னாரு. இந்தத் தடவை ரெண்டு தடவை சேத்தியே ஏத்தி எறக்கலாம்னு இருக்கேன். அஞ்சா வெச்சுட்டா கெட்டியா நிக்கும்.

இதுதானுங்க பம்ப் ஹவுஸ் வளைவு. எந்திரிங்க. மெதுவா, படி வழுக்கும்.

பியூன் இல்லையா? வந்து நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு போல. பஸ்ஸு இந்நேரத்துக்கு வந்தா அவரு என்ன பண்ணுவாரு. அவருக்கும் உசுரு இருக்குதல்ல. பயப்படாதீங்க டீச்சர், அதா, அங்க மங்கலாத் தெரியுது பாருங்க, அதுதான் குவார்ட்டர்ஸ் லைட்டு. நேராப் பாதை. பம்ப் ஹவுஸைத் தாண்டிட்டா படிக்கட்டு. கடைசி ஸ்டாப்புக்கு வந்தாலும் அங்க பொம்பளைங்க தங்க எடமில்லைங்க.

என்னங்க?

பெட்டியில இருந்து ஒண்ணா? ஐயோ டீச்சர். இத்தனை நேரம் என்னத்தைச் சொல்லிட்டு வந்தேன்.

கண்டக்டர் தம்பி, நீ சும்மா இரு. ஒண்ணைக் குடுத்தா என்னங்கறே. நாளைக்குத் திருப்பித் தருவாங்கதான், எனக்குத் தெரியாதா, டீச்சரு என்ன தூக்கிக்கிட்டா ஓடப் போறாங்க? பிரச்சனை அது இல்லை. இது கண் திறக்காத லைட்டு. ஏனுங்க டீச்சர், நீங்களா எடுத்துட்டீங்களா. சரி, அமுக்குங்க. அமுக்கிப் பாருங்க. எரியுதுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரியுதுதான், நான் இல்லைங்கலை. ஆனா அது பச்சை வெளிச்சம். கம்பெனிக்காரன் சாம்பிளுக்குப் போட்டு விட்டது. அதை நம்பி எறங்குனா நடுவுல கையை விட்டுரும். உங்க மேல அக்கறை இருக்கறதனாலதான் சொல்லறேன். என்ற மருமகளா இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன்.

குடுங்க. ஆங். அப்படி. பெட்டிக்குள்ளயே வெச்சுருங்க.

போன்ல ஒரு கோடு இருக்குதல்ல, போதும். கீழ புடிச்சுக்குங்க, காலடியைப் பாத்துப் போங்க. ஓடாதீங்க. அடுத்த வாரம், இல்லை அதுக்கடுத்த வாரம் ஸ்டோருக்கு வாங்க, கண் திறந்த லைட்டா ஒண்ணு எடுத்து வெக்கறேன், உங்களுக்குத்தான் மொதல்ல. பாத்துப் போங்க அம்மிணி. ரைட்டு தம்பி, விசில் குடு, போலாம்.

நல்ல பொண்ணுங்க. கேட்டதும் மறு பேச்சில்லாம ரெண்டு கையில திருப்பிக் குடுத்துருச்சு. இந்தக் காலத்துல யாரு அப்படி? என்ற மருமகளும் இப்படித்தான்.

நீங்க ஏனுங்க அண்ணா நின்னுக்கிட்டே வர்றீங்க? எடம் காலியாயிருச்சே, இப்படி வந்து உக்காருங்க. அங்க என்ன பின்னாடி திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? போன் வெளிச்சம் தெரியலையா? பனிங்க. படிக்கட்டு ஏறியிருக்கும். பாறையா? பம்ப் ஹவுஸ் ஓரத்துல பெரிய பாறையா? போன வாரம் வந்தப்ப அங்க பாறை இல்லைங்கறீங்களா? நான் வளைவைக் கவனிக்கலைங்க, பெட்டியைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். மலைன்னா பாறை இல்லாமலா இருக்கும். உக்காருங்க.

பையை மட்டும் பெட்டி மேல வெச்சுராதீங்க. நீங்க எங்க எறங்கோணும்?